சீர்திருத்தவாதி என்றால் யார்?

ரானடேயும் சீர்திருத்தவாதி, ஜோதிராவ் புலேயும் சீர்திருத்தவாதி, அம்பேத்கரும் சீர்திருத்தவாதி. மேடைகளிலும் பாடங்களிலும் மூவருக்கும் ஒரே பட்டம்தான். எதைத் திருத்த வந்தார் என்று சொல்லாமல் இந்தப் பட்டத்தைச் சூட்டுவது வரலாற்றையே மழுங்கடிக்கிறது. 1936-ல் லாகூர் மாநாடு ஒன்றுக்காக அம்பேத்கர் எழுதிய தலைமையுரையை அமைப்பாளர்களால் ஏற்க முடியவில்லை. மாநாடு நடக்காமல் போக, உரையை அவரே நூலாக அச்சிட்டார். இந்துக் குடும்பத்தைத் திருத்துவது வேறு, இந்துச் சமூக அமைப்பைத் திருத்துவது வேறு என்று அதில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். விதவை மறுமணம், குழந்தை மணத் தடுப்பு ஆகியவை முதல் வகை. சாதி ஒழிப்பு இரண்டாம் வகை. ரானடே முன்னின்று 1887-ல் தொடங்கிய சமூக மாநாடு முதல் வகையோடு நின்றுவிட்டது என்பது அம்பேத்கரின் தீர்ப்பு. அதில் கூடிய படித்த மேல்சாதியார் தங்கள் வீட்டுக்குள் கண்ட துயரத்துக்கு மருந்து தேடினார்கள். தீண்டாமை அவர்கள் வீட்டுத் துயரமாக இருக்கவில்லை. புலேயோ 1868-லேயே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிட்டவர்.

இப்படிப் பிரிப்பது முதல் வகையினரைச் சிறுமைப்படுத்துவதாகாதா? ஆகாது. 1890-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனின் பலவந்தத்தால் உயிரிழந்தாள். மறு ஆண்டு, பெண்ணின் சம்மத வயதை 10-லிருந்து வெறும் 12 ஆக்கும் சட்டம் வந்தபோது திலகரே அதை எதிர்த்தார். சீர்திருத்தவாதி என்று பொருள்படும் ‘சுதாரக்’ என்ற பெயரில் 1888-ல் ஏடு தொடங்கிய அகர்கருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே புனேயில் பிண ஊர்வலம் நடத்தினார்கள். அந்த ஏச்சையெல்லாம் தாங்கி நின்றவர்களின் துணிவை மறுப்பது நியாயமல்ல. துணிவு வேறு, எடுத்துக்கொண்ட வேலையின் எல்லை வேறு.

இன்னொரு மறுப்பு வலுவானது. குடும்பமும் சாதியும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும் என்பார்கள். இதற்குச் சான்று அம்பேத்கரிடமே இருக்கிறது. சாதிக்குள்ளேயே மணம் என்ற கட்டுப்பாட்டைக் காக்கத்தான் குழந்தை மணமும் கட்டாய விதவைக் கோலமும் ஏற்பட்டன என்று 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை வாதிடுகிறது. அப்படியானால் விதவை மறுமணம் கேட்டவர்கள் அடுத்த படியாகக் கலப்பு மணத்தையும் இயக்கமாக்கியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அங்கே தயங்கினார்கள். விதவைக்கு மணமகனைத் தேடியதும் அதே சாதிக்குள்தான். சட்டத்தின் ஆண்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. இந்து விதவையின் மறுமணத்தைச் சட்டம் 1856-ல் ஏற்றது. வெவ்வேறு சாதி இந்துக்கள் செய்துகொள்ளும் மணம் நாடு முழுவதும் பொதுவாகச் செல்லும் என்ற சட்டம் வர 1949 ஆகிவிட்டது.