எட்டு மங்கும், ஒன்று மின்னும்

எல்இடி எண் பலகையில் 'ஒன்று' பளிச்சென்று எரிந்து, 'எட்டு' மட்டும் சோம்பலாகத் தெரிந்தால் குறை எல்இடியில் இல்லை, ரெசிஸ்டரை வைத்த இடத்தில் இருக்கிறது. ஓர் இலக்கம் ஏழு கோடுகளால் ஆனது. ஒவ்வொரு கோடும் தனி எல்இடி. ஏழின் ஒரு முனையைச் சேர்த்துப் பொதுமுனையாக வெளியே விட்டிருப்பார்கள். அந்தப் பொதுமுனையில் ஒரே ரெசிஸ்டரைப் போட்டால் ஆறு மிச்சம் என்று தோன்றும். 5 வோல்ட் மின்சாரத்தில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 3 வோல்ட் 150 ஓம் ரெசிஸ்டரில் விழுவதால் 20 மில்லிஆம்பியர் ஓடும். 'ஒன்று' எழுத இரண்டே கோடுகள் என்பதால் தலைக்குப் பத்து. 'எட்டு' எழுத ஏழு கோடுகள். தலைக்கு மூன்றுகூடத் தேறாது.

ரெசிஸ்டரே இல்லாமல் விட்டால் என்ன? எல்இடிக்குத் தன் மின்னோட்டத்தைத் தானே அடக்கத் தெரியாது. வோல்ட் சிறிது கூடினாலே மின்னோட்டம் பல மடங்காகும். சூடேறினால் அதற்குத் தேவையான வோல்ட், டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. அதனால் மின்னோட்டம் இன்னும் ஏறும். பட்டன் பேட்டரியில் எல்இடியை நேரே செருகி எரிய வைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே அந்தச் சின்ன பேட்டரியின் உள்தடைதான் ரெசிஸ்டர் வேலையைப் பார்க்கிறது.

ஆகவே கோட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும்; அப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் 20 கிடைக்கும். இலக்கங்கள் நான்கானால் 28 ரெசிஸ்டர் வேண்டுமா? வேண்டாம். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரியவிடும் மல்டிபிளெக்சிங் முறையில், கோட்டுக்கு ஒன்றாக ஏழு போதும்; அவை நான்கு இலக்கங்களுக்கும் பொது. பொதுமுனையில் மட்டும் 'எட்டு' எரியும்போது 140 மில்லிஆம்பியர் சேரும். மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின் அதைத் தாங்காது (ஏடிமெகா328-இல் உச்சவரம்பே 40), ஆகவே இலக்கத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர் அவசியம். கால்வாசி நேரம்தானே எரிகிறது, மின்னோட்டத்தை நான்கு மடங்கு கூட்டலாமே என்பார்கள். கணக்கு சரிதான், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்வரை. அது நடுவில் உறைந்துபோனால் ஒரே இலக்கத்தின் எரியும் கோடு ஒவ்வொன்றிலும் 80 மில்லிஆம்பியர் இடைவிடாமல் ஓடும். சாதாரணச் சிவப்பு எல்இடி தொடர்ந்து தாங்குவது 20, 30-தான். இன்றைய எல்இடிகள் சராசரி 5 மில்லிஆம்பியரிலேயே வீட்டுக்குள் நன்றாகத் தெரிகின்றன. உச்சத்தை 20-இல் நிறுத்திவிடுவதே என் கட்சி.

ஆனால் ரெசிஸ்டரைப் பொதுமுனையில் போட்டும் சரியாக இயங்கும் சுற்றுகள் உண்டே? உண்டு. அவற்றில் இலக்கம் இலக்கமாக அல்லாமல் கோடு கோடாக வரிசை ஓடுகிறது: முதலில் நான்கு இலக்கங்களின் மேல்கோடு மட்டும், பிறகு அடுத்த கோடு. எந்தக் கணத்திலும் ஒரு ரெசிஸ்டரின் பின்னால் ஒரே எல்இடி என்பதால் ஒளி சீராக இருக்கும். நான்கு ரெசிஸ்டரே போதும். பார்க்க வேண்டியது ஒரு ரெசிஸ்டரின் பின்னால் ஒரே சமயத்தில் எத்தனை எல்இடி என்ற கணக்கைத்தான், ரெசிஸ்டர் எந்தப் பக்கம் என்பதை அல்ல. இதற்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு கோடும் ஏழில் ஒரு பங்கு நேரமே எரிவதால், அதே 20 மில்லிஆம்பியர் உச்சத்தில் சராசரி மூன்றுக்கும் கீழே போய்விடும்.