ரிப்போர்ட்டை மாத்துறோம்னு சொன்னாங்க, மாறுனது கணக்கு: பிஐ மைக்ரேஷன் பத்தி ஒரு எபிசோடு

(எபிசோடில் பேசினதை, படிக்க வசதியா சுருக்கி எடிட் செய்த வடிவம் இது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வி: "எங்க கம்பெனில பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் பவர் பிஐக்கு மாத்தச் சொல்றாங்க. மூணு மாசத்துல முடியுமா?" நேரா சொல்லணும்னா, ரிப்போர்ட்டை வரையறதுக்கு மூணு மாசம் தாராளம். ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வர வைக்கத்தான் நேரம் போகும். நான் வேலை பார்த்த ஒரு மைக்ரேஷனை வச்சே இன்னிக்குப் பேசலாம். டீலர்கள் மூலமா பொருள் விற்கிற கம்பெனி. பேர் வேண்டாம். பழைய பக்கம் எஸ்எஸ்ஆர்எஸ், புதுப் பக்கம் பவர் பிஐ.

ஏன் மாத்துறாங்க?

எஸ்எஸ்ஆர்எஸ், அதாவது எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், 2004ல வந்தது. இருபது வருஷமா எத்தனையோ கம்பெனியில காலைல மெயில்ல வந்து விழுற ரிப்போர்ட் எல்லாம் அதுல இருந்துதான். 2022 பதிப்புதான் அதோட கடைசிப் பதிப்புன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிட்டாங்க. எஸ்கியூஎல் சர்வர் 2025ல இருந்து அந்த இடத்துக்கு பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வருது. ஆனா 2022 பதிப்புக்கு 2033 ஜனவரி வரைக்கும் சப்போர்ட் உண்டு. அதனால "நாளைக்கே நின்னுடும்"னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. அவசரம் இல்லாதப்போ செய்யற மைக்ரேஷன்தான் ஒழுங்கா முடியும்.

முதல் வேலை: எதை எடுத்துட்டுப் போறது?

வீடு மாத்தும்போது பரண்ல இருக்கிற எல்லாத்தையும் லாரியில ஏத்த மாட்டோம் இல்லையா? இங்கயும் அதேதான். எந்த ரிப்போர்ட்டை யார், எப்போ ஓட்டினாங்கன்னு எஸ்எஸ்ஆர்எஸ் ஒரு லாக் வைக்குது. அதுல ஒரு குவெரி ஓட்டினா, பாதி ரிப்போர்ட்டை யாருமே தொடலைன்னு தெரியும். உடனே அந்தப் பட்டியலை அழிக்கத் தோணும்.

அங்கதான் ஒரு பொறி இருக்கு. யாரும் அமைப்பை மாத்தலைன்னா, அந்த லாக் 60 நாள் கணக்கைத்தான் வச்சிருக்கும். நீங்க ஆகஸ்ட்ல பார்த்தா ஜூன், ஜூலை மட்டும்தான் தெரியும். மார்ச் முடிஞ்சு ஏப்ரல்ல ஆடிட்டருக்காக வருஷத்துக்கு ஒரே தடவை ஓட்டுற ரிப்போர்ட், அந்த லாக்ல செத்த ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும். அதனால லாக்கை மட்டும் நம்பாம அக்கவுன்ட்ஸ் ஆட்களோட உட்கார்ந்து, "வருஷக் கடைசில என்னென்ன எடுப்பீங்க?"ன்னு கேளுங்க. லாக் வைக்கிற நாளையும் இப்பவே கூட்டி வச்சிடுங்க.

இன்னொண்ணு, எல்லாமே டாஷ்போர்டா மாறணும்னு அவசியம் இல்லை. டீலருக்கு அனுப்புற 40 பக்க ஸ்டேட்மென்ட் பிரிண்ட் போடத்தான். அந்த மாதிரி ரிப்போர்ட் ஃபைல்களைச் சில திருத்தங்களோட பவர் பிஐயில பேஜினேட்டட் ரிப்போர்ட்டாவே ஏத்திக்கலாம்.

ரெண்டு பக்கமும் நம்பர் ஏன் ஒத்து வரமாட்டேங்குது?

பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஓட்டினா முதல் வாரம் எதுவுமே ஒத்துப்போகாது. பதறாதீங்க, காரணம் பெரும்பாலும் ஒரு நாலஞ்சுதான்.

முதல்ல சராசரி. ஒரு கிளையில 100 ஆர்டர், 90 நேரத்துக்குப் போச்சு: 90 சதவீதம். இன்னொரு கிளையில 1000 ஆர்டர், 600 போச்சு: 60 சதவீதம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 75. ஆனா மொத்தமா பார்த்தா 1100ல 690, அதாவது 62.7. பழைய ரிப்போர்ட் 75னு காட்டிட்டு இருந்திருக்கலாம். அதை வச்சு யாரோ பாராட்டும் வாங்கியிருக்கலாம்.

ரெண்டாவது, வருஷம். பவர் பிஐயில இந்த வருஷம் இதுவரைன்னு கூட்டுற ஃபங்ஷன்கள், நீங்க எதுவும் சொல்லலைன்னா டிசம்பர் 31ல வருஷம் முடியுதுன்னு எடுத்துக்கும். நமக்கு மார்ச் 31. அதை நாமதான் சொல்லித் தரணும்.

மூணாவது, நேரம். பழைய குவெரி சர்வரோட கடிகாரத்தைப் பார்க்கும். நம்ம சர்வர் இந்திய நேரத்துல ஓடுச்சு. பவர் பிஐ கிளவுடுல டுடே ஃபங்ஷன் யூடிசி நேரத்தைத்தான் பார்க்கும், நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. உங்க லேப்டாப்ல சரியா வரும், பப்ளிஷ் பண்ணினா மாறிடும். பத்து மணிக்கு ஆபீஸ் வர்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது. காலை 5 மணிக்கு லோடு ஏத்துற குடோன்காரருக்கு "இன்றைய டிஸ்பாட்ச்" பக்கத்துல நேத்து கணக்கு நிக்கும்.

நாலாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து. ஊர் பேரை ஆங்கிலத்துல ஒருத்தர் முழுக்கப் பெரிய எழுத்துல டைப் பண்ணியிருப்பார், இன்னொருத்தர் சின்ன எழுத்துல. பவர் குவெரிக்கு அது ரெண்டு ஊர். அதுக்கு மேல இருக்கிற டேட்டா மாடலுக்கு ஒரே ஊர். ஒரே டூலுக்குள்ளயே ரெண்டு பழக்கம். பவர் குவெரியில ரெண்டு டேபிளை இணைக்கும்போது சில வரிசைகள் சத்தமே இல்லாம விடுபட்டுப் போகும்.

அஞ்சாவது, பழைய ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வரிகள். "17ஆம் நம்பர் கிளையை விட்டுடு"னு ஒரு வரி இருக்கும். ஏன்னு கமென்ட் இருக்காது, எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்த வரியைக் காப்பி பண்றதுக்கு முன்னாடி, தூக்குறதுக்கு முன்னாடி, அதோட கதை தெரிஞ்ச ஒருத்தரைக் கண்டுபிடிங்க. எங்க விஷயத்துல அது மூடின கிளை இல்ல, சொந்த ஊழியர்களுக்கு விற்கிற கவுன்டர். விற்பனைக் கணக்குல சேரக் கூடாதுங்கிறது சரியான விதிதான்.

31 லட்சம்

இதெல்லாம் சரி பண்ணின பிறகும் ஒரு வித்தியாசம் நின்னுச்சு. ஒரு மண்டலத்தோட அக்டோபர் முதல் டிசம்பர் வரை விற்பனை: பழைய ரிப்போர்ட்ல 4.62 கோடி, புதுசுல 4.31 கோடி. அந்த நம்பரை வச்சுத்தான் 14 சேல்ஸ் ஆட்களுக்கு இன்சென்டிவ்.

தேடிப் பார்த்தா ரெண்டுமே தப்பில்லை. டீலர் சரக்கைத் திருப்பி அனுப்பினா, பழைய ரிப்போர்ட் அது திரும்பி வந்த மாசத்துல கழிக்கும். புது மாடல், பில் போட்ட மாசத்துலயே கழிக்கும். டிசம்பர் கடைசி வாரத்துல பில் போட்ட சரக்குல ஒரு பங்கு ஜனவரியில திரும்பி வந்திருக்கு.

நிர்வாகத்துக்கு இது உடனே சந்தேகத்தைக் கிளப்புச்சு. குவார்ட்டர் முடியறப்போ டார்கெட்டுக்காக டீலர் தலையில சரக்கைக் கட்டுறாங்களோ? சேல்ஸ் பக்கம் பதில் தயாரா இருந்துச்சு: "சரக்கு லேட்டா போனதால திரும்பி வந்துச்சு சார். லாரி கிடைக்காதது எங்க தப்பா? முடிஞ்சுபோன குவார்ட்டரோட நம்பர் ஜனவரியில குறைஞ்சா, நாங்க எதை நம்பி வேலை செய்யறது?" ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

டேட்டா டீம் இந்த இடத்துல செய்யக் கூடாத ஒண்ணு, தனக்குச் சரின்னு படறதைச் சத்தமில்லாம வச்சிட்டுப் போறது. "விற்பனை"ன்னா என்னங்கிறது பிசினஸ் எடுக்க வேண்டிய முடிவு, 14 குடும்பத்தோட வருமானம் அதுல இருக்கு. நாங்க ரெண்டு கணக்கையும் பில் வரிசையோட எடுத்து ஃபைனான்ஸ், சேல்ஸ் ரெண்டு தலைவர்கள் முன்னாடியும் வச்சோம். மார்ச் 31 வரை இன்சென்டிவுக்குப் பழைய விதி. ஏப்ரல் 1ல இருந்து புது விதி, ஆனா கம்பெனி தாமதத்தால வந்த ரிட்டர்ன் தனியா குறிக்கப்படும், இன்சென்டிவ்ல கழியாது. ரெண்டு மெஷருக்கும் ரெண்டு பேர் வச்சோம். வெறுமனே "விற்பனை"ங்கிற பேர்ல எதுவும் இல்லை. இது ஒரு பக்கத்துல எழுதப்பட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

யார் எதைப் பார்க்கலாம்?

அவசரத்துல தவறவிடற விஷயம் இது. ஒவ்வொரு மண்டல மேனேஜரும் அவர் மண்டலத்தை மட்டும் பார்க்கணும்னு பவர் பிஐயில வரிசை அளவுல பாதுகாப்பு போடலாம். ஆனா அது வொர்க்ஸ்பேஸ்ல வியூவரா இருக்கிறவங்களுக்குத்தான் வேலை செய்யும். "அவரே ஒரு சார்ட் மாத்திக்கட்டும்"னு கான்ட்ரிபியூட்டர் உரிமை கொடுத்தீங்கன்னா, அவருக்கு எல்லா மண்டலமும் தெரியும். டெஸ்ட் பண்ணும்போது உங்க லாகின்ல பார்க்காதீங்க, அவங்க உரிமையில பாருங்க.

எக்ஸெல்லோட சண்டை போடாதீங்க

எவ்வளவு அழகா டாஷ்போர்டு போட்டாலும், "இதை எக்ஸெல்ல எடுக்க முடியுமா?"ங்கிறதுதான் முதல் கேள்வியா வரும். ஒரு விஷுவல்ல இருந்து எக்ஸெல்லுக்கு 1,50,000 வரிசை வரைக்கும்தான் போகும், சிஎஸ்வின்னா 30,000. இதை முதல் நாளே சொல்லிடுங்க, இல்லன்னா பாதி டேட்டாவை முழு டேட்டான்னு நினைச்சு யாராவது கூட்டல் போடுவாங்க. அதோட, திரையில மில்லியன், பில்லியன்னு வரும், லட்சம், கோடி அந்தப் பட்டியல்ல இல்லை. கோடியால வகுத்து ஒரு மெஷர் எழுத அஞ்சு நிமிஷம். அதைச் செஞ்சதுக்கு அப்புறம்தான் எங்க சேல்ஸ் ஆட்கள் புது பக்கத்தைத் திறக்கவே ஆரம்பிச்சாங்க.

எப்போ பழசை நிறுத்தறது?

குறைஞ்சது ஒரு குவார்ட்டர் முடியற வரைக்கும் ரெண்டும் ஓடட்டும். மாசக் கடைசி கணக்கு மூணு தடவை ஒத்துப்போகணும். அப்புறம் முதல்ல பழைய மெயிலை நிறுத்துங்க, சர்வரை அப்படியே வைங்க. யார் போன் பண்றாங்கன்னு பாருங்க. போன் பண்றவர்தான் உங்க பட்டியல்ல விட்டுப்போன ஆள். ஒரு ஏப்ரல் மாசம் தாண்டின பிறகு சர்வரை அணைக்கலாம்.

உங்க ஆபீஸ்லயும் அந்த "17ஆம் நம்பர் கிளை" மாதிரி காரணம் தெரியாத ஒரு வரி கண்டிப்பா இருக்கும். அதோட கதை கிடைச்சா எங்களுக்கு அனுப்புங்க, கம்பெனி பேர் இல்லாம வாசிக்கிறோம். அடுத்த எபிசோடுல டேட்டா மாடல்ல தேதி டேபிள் எதுக்குத் தனியா வேணும்னு பார்ப்போம்.