லேப்டாப்பில் எந்த ஒயரை எங்கே செருகுவது?

புதிதாக லேப்டாப் வாங்கும் பலர், வை-பி கிடைத்ததும் இணைய இணைப்பு வேலை முடிந்தது என எண்ணுகின்றனர். மரக்காணம் உப்பளப் பகுதி போன்ற கடலோர ஊர்களில், புயல் நாட்களில்தான் இணையம் அவசியம் தேவைப்படும். மொபைல் சிக்னல் கிடைக்காத அந்த நேரத்தில் ஒயர் இணைப்பு கை கொடுக்கலாம். எனவே அதனையும் தெரிந்து கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்களின் ஓரத்தில், பார்க்க ஒன்று போலவே இரண்டு துளைகள் இருக்கும். சிறியது ஆர்.ஜே.11. இது டெலிபோன் ஒயருக்கானது. பெரியது ஆர்.ஜே.45. இது எட்டுக் கம்பிகள் கொண்ட லேன் கேபிளுக்கானது. டெலிபோன் பிளக் சிறியது என்பதால் லேன் துளைக்குள்ளும் நுழைந்துவிடும். அப்படிச் செருகவே கூடாது. ஓரத்துப் பின்கள் வளையலாம். மேலும், டெலிபோன் லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கையில் இது இன்னும் கூடும். லேன் போர்ட் பழுதாகலாம்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய சேவை தொடங்கியபோது, டயல்-அப் முறையில்தான் வீடுகளுக்குக் கிடைத்தது. மோடம் ஓர் எண்ணை அழைத்து, டேட்டாவை ஒலியாக மாற்றி டெலிபோன் லைனில் அனுப்பும். பின்னாளில் எட்டிய உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட்தான். ஒரு எம்.பி. பைல் இறங்க இரண்டரை நிமிடமாவது ஆகும். ஆனாலும் அது பெரிய உதவி செய்தது. மரக்காணத்திற்குத் தெற்கே புதுச்சேரியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்தில், அமெரிக்க கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை டயல்-அப் மூலம் பெற்றனர். அது வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

இன்றைய லேப்டாப்களில் மோடம் இருப்பதில்லை. லேன் துளையும் பலவற்றில் இல்லை. அப்படியானால் யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக் கொள்ளவும். லேன் கேபிளின் ஒரு முனையை பைபர் மோடத்தின் லேன் துளையிலும், மறுமுனையை லேப்டாப்பிலும் 'கிளிக்' சத்தம் வரும்வரை செருகவும். துளையருகே விளக்கு எரிந்தால் இணைப்பு சரி. பெரும்பாலும் வேறு செட்டிங்ஸ் தேவைப்படாது. கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

உப்புக் காற்று ஈரத்தை இழுத்து, பின்களை அரிக்கும். பயன்படுத்தாத துளைகளை ரப்பர் மூடியால் மூடி வைக்கவும். பின்களில் பச்சை படிந்த கேபிளை மாற்றிவிடவும்.

மின்னல் தொடங்கும் முன்பே டெலிபோன் ஒயர், லேன் கேபிள், சார்ஜர் மூன்றையும் லேப்டாப்பிலிருந்து கழற்றிவிடவும். மின்னல் ஓய்ந்தபின் கரண்ட் இல்லையென்றால், பைபர் மோடமும் இயங்காது. அதற்கென ஒரு சிறிய யு.பி.எஸ். இருந்தால், வெளியே பைபர் கேபிள் அறுபடாத வரை உங்கள் லேப்டாப்பில் புயல் எச்சரிக்கையைப் பார்க்க முடியும்.