விற்கப்போகிற வீட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கும் போலகம் மாதிரி ஊர்களில் பூர்வீக வீட்டை விற்பதென்றால், பிள்ளைகளில் ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் பிரான்ஸில் இருப்பார். போனில் முதலில் வருகிற யோசனை, “பெயின்ட் அடிச்சிட்டா நல்ல விலைக்குப் போயிடும்ல?”

போகாது. கடலோரத்தில் வீடு பார்க்க வருகிறவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே அண்ணாந்து பார்த்துவிடுவார். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து காங்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் சீலிங் வெடித்துப் பெயர்கிறது. அதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால், கூட வருகிற மேஸ்திரி ஒரு கம்பால் தட்டியே கண்டுபிடித்துவிடுவார். பொக்கான சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வீட்டில் நன்றாக இருப்பதைக்கூட அவர்கள் நம்பமாட்டார்கள்.

ஆகவே கையில் இருக்கும் பணம் முதலில் கூரைக்குத்தான். தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி அடைக்க வேண்டும். மொட்டைமாடித் தட்டோடு இடுக்குகளையும் பூசிவிடுங்கள். இதைக் கோடையிலேயே முடித்துவிட்டு, ஐப்பசி மழையில் நனைந்தும் ஒழுகாத வீட்டைக் காட்டினால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். கூரை மொத்தமும் போய்விட்டதா? தொடவே வேண்டாம். வாங்குகிறவர் இடித்துக் கட்டத்தான் போகிறார்; மனை விலையைப் பேசுங்கள்.

ஓட்டு வீடானால் உடைந்த ஓட்டை மாற்றி, கரையான் அரித்த ரீப்பரை எடுத்துவிட்டால் போதும். திண்ணையை இடித்து கிரானைட் போடுவது வீண். மாடுலர் கிச்சனும் அப்படித்தான். வருகிறவரின் வாஸ்து ஜோசியர் அடுப்பை வேறு மூலைக்குத் தள்ளினால் உங்கள் லட்ச ரூபாய் குப்பைக்குப் போகும்!

வருமான வரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கூடுதல் அறை, மாடி போன்ற மூலதனச் செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்; பில் வேண்டும். வெள்ளையடிப்பது, சில்லறை மராமத்து இதில் சேராது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் செய்த வேலையும் சேராது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவிகிதம், சரிக்கட்டலோடு 20 சதவிகிதம் என இரண்டில் வரி குறைவாக வருவதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். பிரான்ஸில் இருக்கும் அண்ணனுக்குக் கிடையாது.

இத்தனைக்கும் முன்னால், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.