எஞ்சின் பெரிசு, வேகம் எங்கே?

நியூசிலாந்தின் தென் தீவில் மெக்கன்சி வட்டாரத்து ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். சில இடங்களில் கணுக்கால்தான் நனையும். புரொப்பெல்லர் வைத்த படகு அங்கே கல்லில் மோதி இறக்கையை வளைத்துக்கொள்ளும். ஐரிஷ்மன் கிரீக் பண்ணைக்காரர் பில் ஹாமில்டன் 1950-களில் ஜெட் படகில் இறங்கியது இதற்காகத்தான். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும் குழாய் முதலில் படகுக்கு அடியில் இருந்தது. 1954-இல் அதை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஏற்றிய பிறகே படகு உருப்படியாக ஓடியது. அங்கே வழி திறந்தது குழாயின் இடமாற்றம். எஞ்சினின் அளவு அல்ல.

இன்று ஜெட் படகு வாங்குகிறவருக்கு முதலில் வரும் ஆசையோ கார் வி-8 எஞ்சினைத் தூக்கி மாட்டுவதுதான். 200 குதிரைத்திறன் 400 ஆனால் வேகமும் இரட்டிக்கும் என்ற கணக்கு. கிணற்று மோட்டார் மாற்றியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பம்ப் பழையதாக இருக்க, மோட்டாரை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்?

ஜெட் படகிலும் தள்ளுவது பம்ப்தான். அதற்குள் சுழலும் இலைச்சக்கரமான இம்பெல்லர் கேட்கும் திறன், சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 200 குதிரைத்திறனில் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றிய அதே இம்பெல்லர், 400-இல் சுமார் 5040 சுற்றோடு நின்றுவிடும். கால்வாசிதான் லாபம். எஞ்சினின் கனம் வேறு படகின் பின்பக்கத்தை அழுத்தும்.

இலைகளின் சாய்வைக் கூட்டிய இம்பெல்லரைப் போட்டால் கூடுதல் திறனைத் தண்ணீரில் இறக்கலாம். அதற்கும் வரம்பு உண்டு. இலையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்தால், குளிர்ந்த தண்ணீரே கொதித்து ஆவிக்குமிழியாகும். குமிழி வெடிக்கும் இடத்தில் உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழியும். கேவிடேஷன் என்பது இதுதான். எஞ்சின் அலறும், படகு நகராது.

என்னைக் கேட்டால், பணத்தை எஞ்சினில் கொட்டுமுன் பம்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். மணலையும் சிறு கல்லையும் விழுங்கியே இம்பெல்லரின் விளிம்பும் அதைச் சுற்றிய வளையமும் தேய்ந்திருக்கும். அந்த இடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அகன்றாலே, தள்ள வேண்டிய தண்ணீர் பின்னுக்கு வழியும். வளையத்தை மாற்றினாலே தொலைந்த வேகம் பெருமளவு திரும்பக்கூடும்.

வேகம் கூட்டியவர் புதிதாகப் பழக வேண்டியது ஒன்றும் உண்டு. ஜெட் படகுக்குத் தனிச் சுக்கான் இல்லை. பீச்சும் தண்ணீரே அதைத் திருப்புகிறது. எதிரே பாறை தெரிந்ததும் கை தானாக ஆக்சிலரேட்டரைக் குறைக்கும். அப்போது, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும், படகு பாறையைப் பார்த்தே போகும்.