பீடியை விடலாம், பொயிலையையும் விடலாம்



காலைப் பெரட்டுக்குப் போகும் வழியில் ஒரு பீடி. பத்து மணித் தேத்தண்ணியோடு ஒன்று. கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்ததும் ஒன்று. ராச்சாப்பாடு முடிந்து வாசலில் குந்தி ஒன்று. கொழுந்தெடுக்கும் அம்மாமாரைப் பார்த்தால் மடியில் வெத்திலைப் பை, அதற்குள்ளே பொயிலைத் துண்டு. எங்கள் தோட்டங்களில் புகையிலைப் பாவனை இப்படித்தான் வேலையோடு வேலையாகக் கலந்திருக்கிறது.

"விடணும்னுதான் இருக்கு ஐயா, முடியலியே" என்று சொல்பவர்கள் பலர். ஏன் முடியவில்லை, எப்படி முடியும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஏன் விட முடியவில்லை?

புகையிலையில் நிகொட்டின் என்று ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காய்கறிச் செடியில் தெளித்துப் பூச்சியைக் கொல்வது பலருக்கும் தெரியும். அந்தப் பூச்சியைக் கொல்வதும் இதே நிகொட்டின்தான்.

புகையை உள்ளே இழுத்துப் பத்து விநாடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேருகிறது. கொஞ்ச நேரம் மனதுக்கு இதமாக இருக்கும். ஓரிரு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். உடனே எரிச்சல், படபடப்பு, வேலையில் கவனம் இல்லாமை. அடுத்த பீடியைப் பற்றவைத்ததும் அது அடங்குகிறது. "பீடி குடிச்சாத்தான் மனசு ஆறுது" என்கிறோம். முந்திய பீடி உண்டாக்கிய தவிப்பைத்தான் அடுத்த பீடி ஆற்றுகிறது. கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது மாதிரித்தான் இதுவும்.

ஆகவே விட முடியாதவர் மனவுறுதி இல்லாதவர் என்று நினைக்கக் கூடாது. அவரை ஒரு மருந்து பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளரும்.

உடம்புக்குள்ளே நடப்பது என்ன?

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றில் 70 அளவிலானவை புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு என்ற வாயு, இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்து கொள்கிறது. மலை ஏறும்போது மற்றவருக்கு முன்னரே உங்களுக்கு மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாள்பட நாள்பட நுரையீரலின் சிறு காற்றுப் பைகள் பழுதாகின்றன. இரத்தக் குழாய்கள் கெட்டு மாரடைப்பும் பாரிசவாதமும் வருகின்றன. காசநோயும் புகைப்பவரை இலகுவாகப் பிடிக்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் "பீடி இருமல்தானே" என்று விட்டுவிடாமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்

"குளிருக்கு ஒரு பீடி நல்லது." இல்லை. நிகொட்டின் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கையும் காலும் இன்னும் குளிர்ந்துதான் போகும்.

"சிகரெட்டை விட பீடி பரவாயில்லை." அதுவும் இல்லை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் நிகொட்டினும் தாரும் காபன் மொனொக்சைட்டும் நிறையவே உள்ளே போகின்றன.

"நான் குடிக்கிறதில்லை, வெத்திலைதான் போடுறேன்." இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கும் அது வருகிறது. பொயிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் உறுதி செய்துள்ளது. ஆகவே பொயிலையை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. மாவா, பாபுல் போன்ற புகையிலைக் கலவைகளை விற்பது 2016ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

வாயைக் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க இறுக்கம், காரம் பட்டால் தாங்க முடியாத எரிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஒரு காம்பராவில் ஒருவர் குடித்தால்

பழைய லயன் காம்பரா பல பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். குளிருக்குக் கதவையும் சாத்திவிடுகிறோம். அடுப்புப் புகை ஏற்கெனவே உள்ளே நிற்கிறது. அதில் ஒருவர் பற்றவைத்தால் வீட்டிலுள்ள எல்லோரும் குடித்த மாதிரித்தான். அந்தப் புகையால் குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி, இழுப்பு, காது நோய் அதிகம் வருகின்றன. கர்ப்பிணித் தாய் அந்தப் புகையில் இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம்.

இன்னொரு விசயம். பீடி வாங்கிவரச் சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம். நாளைக்கு அந்தப் பிள்ளை தனக்காக வாங்கும் பழக்கம் இன்று உங்களுக்காக வாங்குவதில்தான் தொடங்குகிறது.

இனி விட்டு என்ன பிரயோசனம்?

பிரயோசனம் நிறைய. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1951ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது வருடம் வைத்தியர்களையே கவனித்து வந்தார்கள். தொடர்ந்து சிகரெட் குடித்தவர்கள் குடிக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 வருடம், 40 வயதில் 9 வருடம். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் கிடைத்தது.

விட்டு ஓரிரு நாளில் இரத்தத்தில் உள்ள காபன் மொனொக்சைட்டு இறங்கிவிடும். ஒரு வருடத்தில் மாரடைப்பு வரும் ஆபத்தில், புகைத்ததால் கூடிய பங்கு பாதியாகக் குறையும்.

காசையும் பாருங்கள். நாளுக்கு ஐந்து என்றால் வருடத்துக்கு 1,825. உங்கள் கடை விலையால் பெருக்கி வரும் தொகையை வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள்.

விடும் வழி

1. ஒரு நாளைக் குறியுங்கள். சம்பள நாளும் திருவிழா நாளும் வேண்டாம். அந்த நாட்களில் கூட்டாளிகளும் சாராயமும் சேர்ந்து இழுக்கும்.

2. முதல் நாள் இரவே மிச்சமுள்ள பீடி, பொயிலை, பாக்கு எல்லாவற்றையும் வீசிவிடுங்கள். "அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று ஒளித்து வைக்க வேண்டாம்.

3. ஆசை எழும்பினால் அது சில நிமிடம்தான் நிற்கும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்துங்கள். தண்ணீர் குடியுங்கள், மூச்சை ஆழ இழுத்து விடுங்கள், இடத்தை மாற்றுங்கள். வாய்க்கு ஒரு கராம்போ இஞ்சித் துண்டோ போதும்.

4. முதல் கிழமைதான் கடுமை. கோபம் வரும், தூக்கம் கெடும், பசி கூடும், சிலருக்கு இருமலும் கூடும். இவை நோயல்ல, உடம்பு தேறிவருவதன் அறிகுறிகள். மூன்று நான்கு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

5. ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாக விட்டவர்களில் பலர் இரண்டு மூன்று தடவை முயன்றவர்களே. மறுநாளே மீண்டும் தொடங்குங்கள்.

6. தனியே முடியவில்லை என்றால் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். 1948 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் ஆலோசனை பெறலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

விடுகிறவர் முதல் இரண்டு கிழமை சிடுசிடுப்பார். "இதுக்கு நீ குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லே அவரைக் கடைக்கு அனுப்பிவிடும். கணவர் பீடியை விடும்போது மனைவி வெத்திலைப் பையையும் மூடி வைத்தால் இருவருக்கும் இலகு. கூட்டாளிகளும் "இந்தா ஒண்ணு" என்று நீட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

இதை வாசிக்கத் தெரிந்தவர்கள், வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு இன்று இரவே வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாளைக் குறித்தவர்கள் அதை நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்து சொல்லுங்கள். அந்த முதல் கிழமை முழுவதும் உங்களை வந்து பார்ப்பது எங்கள் பொறுப்பு.