இனமறியும் எழுத்துகள்

இனம் இனத்தோடு சேரும் என்பர். உயிர்களின் மரபைத் தாங்கும் டீ.என்.ஏ. மூலக்கூறும் தன் இனத்தை அறிந்தே சேரும். அஃது அறியும் வகையைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு விளக்கலாம்.

டீ.என்.ஏ. முறுக்கிய நூலேணி போன்றதென 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிறிக் என்னும் அறிஞர் அறிவித்தனர். அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே அதன் எழுத்துகள். ஙகரத்துக்குக் ககரமும் ஞகரத்துக்குச் சகரமும் இனவெழுத்தாவதுபோல, அடினினுக்குத் தைமினும் குவானினுக்குச் சைற்றோசினும் இனமாகும். பெரியதற்குச் சிறியதே துணை. ஆதலின் ஏணியின் அகலம் எங்கும் ஒன்றே. முதலிணையை இரண்டு ஐதரசன் பிணைப்புகளும் மற்றையதை மூன்றும் தாங்குகின்றன.

இப்பிணைப்புகள் தனித்தனியே மெலியன. அம்மெலிவே அவற்றின் சிறப்பு. வெப்பமூட்டின் இழைகள் பிரியும். மெல்ல ஆறவிடின் மீண்டும் சேரும். இழைக்குக் கண்ணில்லை. எதிர்ப்பட்டதன்மேல் மோதும், ஓரிரண்டு எழுத்தே பொருந்தின் விலகும், பல எழுத்துத் தொடர்ந்து பொருந்தின் நிலைத்து நிற்கும்.

இதனால் நம் மலைநாட்டுக்கு ஆவதென்ன? பட்டிப்பொலவிலிருந்து புகையிரதத்தில் நானுஓயா கடந்து சென்றால் தலவாக்கலை. அங்குள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வழங்கிய ரீ.ஆர்.ஐ. 2025 போன்றவை தண்டு வெட்டிப் பெருக்கும் வீ.பீ. இனங்கள். ஓரினச் செடிகள் யாவற்றுக்கும் டீ.என்.ஏ. ஒன்றே. தவறணையில் இனங்கள் கலந்துவிட்டால் கண்ணாற் பிரித்தல் எளிதன்று. விளைச்சல் குன்றிய இனம் மலையேறின் பல்லாண்டு நிற்கும். நிறுவை குறைந்து அரைப்பேர் விழும் வருத்தத்தை நம் தாய்மார் அறிவர்.

இலையின் டீ.என்.ஏ.யே இங்குச் சான்று. ஏறத்தாழ 20 எழுத்துடைய சிற்றிழைகளை அதனோடு சேர்த்து, வெப்பமூட்டி ஆற்றுவர். அவை தமக்கு இனமான இடத்தில் ஒட்டும். அவ்விடம் பன்மடங்காகப் பெருக்கப்படும். பெருகிய துண்டின் நீளம் இனத்துக்கினம் வேறுபடுதலால் கலப்பு வெளிப்படும். தேயிலையின் டீ.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன என்பது 2017இல் தெரியவந்தது. அத்துணை எழுத்துள்ளும் சிற்றிழை இடந்தவறாமை எங்ஙனம்? நான்கெழுத்தை 20 இடங்களில் நிரப்பும் வகைகள் இலட்சங் கோடிக்கும் மேற்பட்டவை. ஒன்றுபோற் பிறிதொன்று அமைதல் அரிது.

தேயிலைக்கும் அதைப் பறிப்பவர்க்கும் விற்பவர்க்கும் எழுத்து நான்கே. அவ்வெழுத்தைக் கற்கும் துறையில் நம் மாணவர் பலர் புகுவாராக.